பொங்கலுக்கு முன்ன குசினி

குழு: நம்ம வீட்டுச் சனம்

குமார்: குசினிக்கு பெயின்ட் வாங்கிட்டேன். ஹட்டன் டவுன்ல, வெள்ளை, பெரிய வாளி. ஞாயித்துக்கிழமை காலையில வந்து அடிச்சிட்டு பின்னேரம் பஸ்ஸ புடிச்சிருவேன்

செல்வி: அடேய், அந்தச் செவுத்த கிட்டப் போய் பாத்தியா? அடுப்புக்கு மேல கைய வெச்சா கை ஒட்டுது

குமார்: அதுக்குத்தானே பெயின்ட் 😀

பெரியம்மா: 🎤 0:52

பாப்பா: பஸ்ல இருக்கேன், கேக்க முடியல. என்னா சொல்றாங்க?

செல்வி: கரி மேல பெயின்ட் நிக்காதாம். கொஞ்ச நாள்ல மஞ்சக்கறை ஊறி வெளிய வந்துருமாம், பொறவு தோல் தோலா உரியுமாம். தீவாளிக்கு மேல் லயத்துல ஒரு வீட்டுல அப்படி அடிச்சாங்களாம், இப்ப போய் பாக்கச் சொல்றாங்க. மிச்சமெல்லாம் குமாருக்கு ஏச்சு

கண்டி மாமா: அக்கா சொல்றது சரிதான். அது வெறும் தூசி இல்ல, தாளிச்ச எண்ணெயும் பொகைத் தாரும் சேந்து ஒட்டின கரி. 2022ல நாட்டுல கேஸ் இல்லாம விறகுக்குப் போனோம், கேஸ் வந்த பொறவும் அந்த அடுப்ப விடலியே. அதுவும் ஈர மிலாறு. ஈர விறகு எரிஞ்சாத்தான் இந்தப் பிசுக்குக் கரி கூடும்

பெரியம்மா: வெறகுல சுட்டாத்தான் ரொட்டி ரொட்டியா இருக்கும்

கண்டி மாமா: வேணாங்கலக்கா. மிலாற நல்லா காய வெச்சு எரிங்க, அவ்ளோதான்

செல்வி: எனக்கு சனிக்கிழமை லீவு. மாமா, எதுலருந்து தொடங்கணும்?

கண்டி மாமா: சாமான் பூராத்தையும் வெளித் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு தூக்கு. வாய மூக்க கட்டிக்க. காஞ்ச தும்புத்தடியால மேலருந்து கீழ கரிய தட்டி விடு. ஈரத்துணிய மட்டும் அப்ப கிட்ட கொண்டாராத, கரி செவுத்துலயே அப்பிக்கும். கூட்டி அள்ளின பொறவு சுடுதண்ணியில வாஷிங் சோடா கரைச்சு தேய். கைக்கு கிளவுஸ் போடு, தோல் எரியும். தேய்க்கிறப்ப கீழருந்து மேல போ. மேலருந்து தொடங்கினா கரித்தண்ணி காஞ்ச செவுத்துல வழிஞ்சு கோடு கோடா நிக்கும், பொறவு அது போகாது

பாப்பா: மாமா, கூரை? பின்னால இழுத்துக் கட்டின பக்கம் அஸ்பெஸ்டஸ் சீட்டு

கண்டி மாமா: நல்ல வேளை கேட்ட. தகரத்துப் பக்கத்த மட்டும் தட்டலாம். அஸ்பெஸ்டஸ காஞ்சபடி தேய்க்கவும் கூடாது, சொரண்டவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நாரு காத்துல கெளம்பி நெஞ்சுக்குள்ள போகும். அதால வர்ற நோய் பல வருசம் கழிச்சுத்தான் தலைகாட்டும். ஒடையாத சீட்டுன்னா ஈரத்துணியால மெதுவா ஒத்தி எடு. இல்லாட்டி அப்படியே விட்டுரு. பொங்கல் பான ஒண்ணும் கூரைய பாத்துப் பொங்காது

குமார்: கூரைக்கே தனி வகுப்பா 😂

பாப்பா: சிங்குக்கு ப்ளீச்சிங் தூளும் வினாகிரியும் சேத்துப் போட்டா ரெட்டிப்பு வெள்ளையாகுமா?

கண்டி மாமா: ஐயோ, அத செஞ்சிராதம்மா! குளோரின் வாயு வரும். பாத்ரூம் கழுவுற அசிட்டோட ப்ளீச் சேந்தாலும் அதேதான். அதுவும் நம்மாளுங்க குளுருக்கு ஜன்னல இறுக்கி சாத்திட்டு கழுவுவாங்க. ஒரு நாளைக்கு ஒரு மருந்து, ஜன்னல் தொறந்தபடி

செல்வி: அப்பச்சோடாவும் வினாகிரியும்?

கண்டி மாமா: ஆபத்தில்ல, பிரயோசனமும் இல்ல. பொங்குறத பாக்க நல்லாருக்கும். ஒண்ணோட வேலைய ஒண்ணு கெடுத்துட்டு மிச்சம் கிட்டத்தட்ட தண்ணிதான்

செல்வி: கேஸ் அடுப்பயும் நகத்தித்தான் கழுவணும். டியூப்ப கழட்டி மாட்டப் பயமாருக்கு. 2021 கடைசியில ஊருக்கு ஊர் கேஸ் வெடிச்சதுலருந்தே எனக்கு அந்தப் பயம்

கண்டி மாமா: மாட்டின பொறவு சவர்க்காரத் தண்ணிய ரெகுலேட்டர்லயும் டியூப் முட்டுலயும் தடவு. கொமிழ் வந்தா லீக்கு. நெருப்புக்குச்சி பத்த வெச்சு பாக்குற வேலை வேணாம். டியூப்ல வெடிப்பு விழுந்து வெறச்சுக் கெடந்தா புதுசு வாங்கிரு

செல்வி: பீலியில தண்ணி காலையில மட்டுந்தான் வருது. வெள்ளனயே நெப்பி வெக்கணும்

குமார்: சரி, சனி கழுவுங்க. ஞாயிறு நான் பெயின்டோட வாறேன்

பெரியம்மா: மார்கழிப் பனிக்கு ராவோட ராவா செவுரு காஞ்சிருமோ? ஈரச் செவுத்துல அடிச்சா பூஞ்சணந்தான் வரும். பொங்கலுக்கு கழுவின செவுரு போதும். பெயின்ட பொறவு நல்லா வெயில் அடிக்கிறப்ப பாத்துக்கலாம்

குமார்: அதுவரைக்கும் இந்த வாளிய எங்க வெக்கிறது?

பெரியம்மா: உன் ரூம்லயே வெச்சுக்க

பெரியம்மா: இன்னொண்ணு. என் தேத்தூள் டின்ன எவளும் தண்ணியில போடாதீங்க. ஈரம் ஏறினா தூள் கெட்டுரும். காஞ்ச துணியால தொடச்சா போதும்

செல்வி: சரிங்க பெரியம்மா

குமார்: அப்ப ஞாயித்துக்கிழமை நான் வரவே வேணாமா?

பெரியம்மா: அம்மிய யாரு தூக்குறதாம்?