மேக டைம்லாப்ஸில் ஃப்ளிக்கர்: எல்லாம் மேனுவலில் வைத்தும் வானம் துடிக்கிறது, ஏன்?

வான்நோக்கி:

வணக்கம் நண்பர்களே. மேகங்களை டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைச் சேர்த்து வேகமாக ஓட்டுகிற வீடியோ) எடுக்கத் தொடங்கியிருக்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். டிஎஸ்எல்ஆர், 24 எம்எம் லென்ஸ் (எஃப் 2.8 வரை திறக்கும்), நல்ல கனமான முக்காலி. கேமராவிலேயே இன்டர்வல் டைமர் இருக்கிறது, 5 நொடிக்கு ஒரு படம் என்று வைத்திருக்கிறேன். மேனுவல் மோட், எஃப் 11, ஷட்டர் 1/400 நொடி, ஐஎஸ்ஓ 100. ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்தில் நிறுத்தியாகிவிட்டது, ஃபோகஸும் மேனுவல், ஆட்டோ ஐஎஸ்ஓ கிடையாது. தானாக மாறக்கூடியது எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் படங்களைச் சேர்த்து 25 ஃப்ரேம் வேகத்தில் ஓட்டினால் வானம் முழுக்க மினுக்மினுக்கென்று துடிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, அடுத்தடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தால்தான் ஒன்று இம்மியளவு இருட்டாக இருப்பது தெரிகிறது.

இன்னொன்று, தாழ்வாகப் போகிற பஞ்சு மேகங்கள் ஓடுவதற்குப் பதிலாகத் தாவுகின்றன. உயரத்தில் இருக்கிற மெல்லிய மேகங்கள் மட்டும் வழுக்கிக்கொண்டு போகின்றன. இரண்டும் ஒரே பிரச்சினையா, வேறு வேறா?

சும்மாஒருவர்:

எடிட்டிங் மென்பொருளில் டிஃப்ளிக்கர் (இந்தத் துடிப்பை, அதாவது ஃப்ளிக்கரை, குறைக்கிற வசதி) போடுங்கள், முடிந்தது. எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மென்பொருளில்கூட டிஃப்ளிக்கர் ஃபில்டர் இலவசமாகவே இருக்கிறது. இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பழையமுக்காலி:

டிஃப்ளிக்கர் கடைசி மருந்து, முதல் மருந்து இல்லை. அதிலும் மேகப் படத்துக்கு அது கொஞ்சம் ஆபத்து, காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. துடிப்பு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒழுங்கில்லாமல் வருகிறதா, இல்லை மெதுவாக இருண்டு மெதுவாக வெளுக்கிறதா? மெதுவாக மாறினால் அது ஃப்ளிக்கர் இல்லை, சூரியனை மேகம் மறைத்து விலகுகிறது, அவ்வளவுதான். நிஜத்திலும் வெளிச்சம் அப்படித்தான் மாறுகிறது, அதை அப்படியே விடுங்கள், அழகே அதுதான். ஒழுங்கில்லாமல் துடித்தால் எனக்கு முதல் சந்தேகம் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற லென்ஸ் துளை மேல்தான் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்).

நீங்கள் எஃப் 11 என்று வைத்திருந்தாலும் லென்ஸ் எப்போதும் எஃப் 11-இல் நிற்பதில்லை. டிஎஸ்எல்ஆரில் நீங்கள் பார்ப்பதற்காக அது முழுதாகத் திறந்தே இருக்கும், ஒவ்வொரு தடவை ஷட்டர் அடிக்கும்போதும் இதழ்கள் எஃப் 11-க்கு மூடி, படம் எடுத்ததும் மறுபடி திறக்கும். ஒவ்வொரு தடவையும் மயிரிழை பிசகாமல் அதே அளவுக்கு மூடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒற்றைப் படத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்கப் போவதில்லை. நொடிக்கு 25 படம் ஓடும்போது கண் உடனே பிடித்துவிடும், அதுவும் வானம் மாதிரி பெரிய, வெறுமையான, ஒரே நிறப் பரப்பில். துளை சிறிதாகச் சிறிதாக அதே பிசகு பெரிதாகத் தெரியும், அதனால் எஃப் 11 உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது.

சோதிப்பது சுலபம். வெளிச்சம் மாறாத இடத்தில் ஒரு வெள்ளைச் சுவரை எஃப் 11-இல் கொஞ்சம் படங்கள் எடுங்கள், அப்புறம் எஃப் 2.8-இல் அதே மாதிரி எடுங்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே வேண்டாம், அந்த விளக்கு தானே துடிக்கும். மேகமூட்டமான நாளில் ஜன்னல் வெளிச்சம் போதும். இரண்டையும் வீடியோவாக்கிப் பாருங்கள்.

வான்நோக்கி:

சுவர்ச் சோதனை செய்துவிட்டேன். எஃப் 11-இல் சுவரும் துடிக்கிறது! எஃப் 2.8-இல் சுத்தமாக நிற்கிறது. சரி, காரணம் பிடிபட்டது என்று வெளியே போய் வானத்தை எஃப் 2.8-இல் எடுத்தால் வேறு தலைவலி. வெளிச்சம் தாங்கவில்லை, ஷட்டரை 1/4000 வரை தள்ளியும் வெள்ளை மேகங்கள் வெளுத்துப் போகின்றன, என் கேமராவில் அதற்கு மேல் வேகம் கிடையாது. போதாததற்கு லேசாகத் துடிப்பு இன்னும் இருக்கிறது, முன்பைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது.

பழையமுக்காலி:

எதிர்பார்த்ததுதான். எஃப் 11-இலிருந்து எஃப் 2.8 வரை 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அதாவது 16 மடங்கு வெளிச்சம். 1/400-ஐ 16 மடங்கு வேகமாக்கினால் 1/6400, உங்கள் கேமரா அங்கே போகாது. மிச்சமிருக்கிற துடிப்பு ஷட்டருடையது. மிக வேகமான ஷட்டரில் இரண்டு திரைகளும் ஒரு மெல்லிய பிளவை மட்டும் விட்டுக்கொண்டு சென்சார்மேல் ஓடுகின்றன, அந்தப் பிளவு துளி கூடினாலோ குறைந்தாலோ எக்ஸ்போஷர் மாறிவிடும். 1/100 மாதிரியான வேகத்தில் அதே பிசகு இருந்தாலும் மொத்த நேரத்தில் அது ஒன்றுமே இல்லை.

ஆக, துளை திறந்திருக்க வேண்டும், ஷட்டரும் நிதானமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டுமென்றால் வெளிச்சத்தை வாசலிலேயே குறைக்க வேண்டும், அதற்குத்தான் லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற சாம்பல் நிறக் கண்ணாடியான என்டி ஃபில்டர். என்டி64 வாங்குங்கள், அது 6 ஸ்டாப் குறைக்கும், 1/6400 என்பது 1/100 ஆகிவிடும். என்டி8 போட்டால் 3 ஸ்டாப்தான், 1/800-இல் நிற்கும், அதுவும் பரவாயில்லை, ஆனால் நான் 64-ஐத்தான் சொல்வேன். அடர்த்தியான சில ஃபில்டர்கள் லேசாகப் பழுப்பேற்றும். ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக) எடுத்தால் ஒரு படத்தில் நிறத்தைச் சரிசெய்து எல்லாவற்றுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. சென்சாரில் இருக்கிற தூசி எஃப் 11-இல் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும், மேகம் நகரும்போது புள்ளி மட்டும் அசையாமல் நின்று மானத்தை வாங்கும். துளையைத் திறந்தால் அவை கரைந்து காணாமல் போகும். ஃபோகஸில் நிற்கிற ஆழம் போதாதே என்று கவலை வேண்டாம், மேகம் எல்லாமே முடிவிலியில்தான் இருக்கிறது, முன்னால் பக்கத்திலேயே ஒரு மரக்கிளையை வைத்தால்தான் சிக்கல்.

கிளிக்சத்தம்:

என்டி வாங்குகிற வரைக்கும் ஒரு குறுக்குவழி. துளையை மின்முனைகள் வழியாகக் கட்டுப்படுத்துகிற லென்ஸாக இருந்தால் எஃப் 11 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவ்யூ பொத்தானை (படம் எடுக்காமலே துளையை மூடிக் காட்டுவது) அழுத்திப் பிடித்துக்கொண்டே லென்ஸ் விடுவிக்கும் பொத்தானையும் அழுத்தி லென்ஸை லேசாகத் திருப்புங்கள். தொடர்பு அறுந்துவிடும், இதழ்கள் மூடிய நிலையிலேயே நிற்கும், திறந்து மூடுகிற வேலையே இல்லை. படத் தகவலில் எஃப் எண் 00 மாதிரி ஏதாவது காட்டும், பயப்பட வேண்டாம். லென்ஸ் முழுதாகப் பூட்டாமல் நிற்கிறது என்பதை மட்டும் மறந்து முக்காலியோடு தூக்கித் தோளில் போட்டுவிடாதீர்கள்.

துளையைக் கையால் திருப்புகிற பழைய மேனுவல் லென்ஸ் அடாப்டரில் கிடைத்தால் இன்னும் நல்லது. டைம்லாப்ஸ் எடுக்கிறவர்கள் அவற்றை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

வான்நோக்கி:

அருமை, லென்ஸ் திருப்புகிற வித்தை வேலை செய்தது. கை நடுங்கிற்று என்பது வேறு விஷயம். என்டி64 வாங்கிவிடுகிறேன். அந்தத் தாவல் பற்றி யாரும் சொல்லவில்லையே? கூடவே, போலரைசர் (வானத்தின் நீலத்தை ஆழமாக்குகிற ஃபில்டர்) போட்டு எடுத்த ஒன்றில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கிறது, நேரம் போகப் போக அந்தக் கருப்புப் பட்டை நகர்கிறது. என்ன அது?

நீலப்பட்டை:

போலரைசரைக் கழற்றிப் பையில் போடுங்கள். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கிற வானத்தில்தான் அது அதிகமாக வேலை செய்யும். 24 எம்எம் மாதிரி அகல லென்ஸ் 70 டிகிரிக்கு மேல் பார்க்கிறது, அதற்குள் ஒரு பக்கம் கறுக்கும், மறுபக்கம் கறுக்காது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, பட்டையும் கூடவே நகரும். இதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது.

தாவல் தனிப் பிரச்சினை, அது இன்டர்வல் கணக்கு. யாரோ எழுதிய அட்டவணையைப் பார்த்து 5 நொடி என்று வைக்காதீர்கள், எதிரில் இருக்கிற மேகத்தைப் பாருங்கள். அது ஃப்ரேமின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், 240 நொடி. 5 நொடிக்கு ஒரு படம் என்றால் 48 படம்தான், 25 ஃப்ரேம் வேகத்தில் 2 நொடிக்குள் மேகம் ஃப்ரேமைத் தாண்டிவிடும், தாவாமல் என்ன செய்யும்? அது 10 நொடியில் கடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் 250 படம் வேண்டும், கிட்டத்தட்ட நொடிக்கு ஒன்று. பஞ்சு மேகத்துக்கு 1 முதல் 3 நொடி, உயரத்து மெல்லிய கீற்று மேகத்துக்கு 5 முதல் 10 நொடி என்று பொதுவாகச் சொல்வதும் இதே கணக்கில் வருவதுதான்.

வேகம் மட்டுமில்லை, தூரமும் சேரும். 2 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே நொடிக்கு 10 மீட்டர் போகிற மேகம் நொடிக்கு ஏறக்குறைய 0.3 டிகிரி நகர்வதாகத் தெரியும். அதே மேகம் 20 கிலோமீட்டர் தள்ளி நமக்குக் குறுக்கே போனால் 0.03 டிகிரிதான். ஆகவே ஒரே ஃப்ரேமில் மேலே இருக்கிறது தாவும், அடிவானத்தில் இருக்கிறது தவழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும், நான் எப்போதும் வேகமாகப் போகிற மேகத்துக்கே வைப்பேன். படம் அதிகமாக இருந்தால் எடிட்டிங்கில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தூக்கிவிடலாம், எடுக்காத படத்தை எங்கே போய்த் தேடுவது?

நொடிக்கு ஒரு ரா படம் என்றால் கார்டு எழுதி முடிக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பினால் கேமரா ஒரு படத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், அது வேறு வகைத் தாவல். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் இயங்கினால் அதையும் அணையுங்கள், நீண்ட எக்ஸ்போஷருக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதே அளவு நேரம் ஒரு இருட்டுப் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புயல்காற்றில் ஓடுகிற மேகமாக இருந்தால் பேசாமல் சாதாரண வீடியோ 10 நிமிடம் எடுத்து 20 மடங்கு வேகமாக்குங்கள், 30 நொடி கிடைக்கும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், பலன்தானே முக்கியம்.

சும்மாஒருவர்:

நான் சொன்ன டிஃப்ளிக்கர் ஏன் ஆபத்து என்று இன்னும் யாரும் சொல்லவில்லை 🙂

பழையமுக்காலி:

சொல்கிறேன். டிஃப்ளிக்கர் ஒவ்வொரு ஃப்ரேமின் வெளிச்சத்தையும் பக்கத்து ஃப்ரேம்களோடு ஒப்பிட்டுச் சமன்படுத்துகிறது. ஃப்ரேமுக்குள் ஒரு பெரிய வெள்ளை மேகம் நுழைந்தால் மொத்த வெளிச்சம் நிஜமாகவே கூடுகிறது, மென்பொருளுக்கு அது ஃப்ளிக்கரா மேகமா என்று தெரியாது. சமன்படுத்துகிறேன் என்று நீல வானத்தை இருட்டாக்கிவிடும், மேகம் வெளியே போனதும் வானம் மறுபடி வெளுக்கும். இல்லாத ஒரு துடிப்பை நாமே உண்டாக்கியதாகிவிடும். எல்ஆர்டைம்லாப்ஸ் மாதிரி மென்பொருளில் எந்தப் பகுதியை வைத்து ஒப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் வரைந்து காட்டலாம், மேகம் அதிகம் வராத இடமாகப் பார்த்து அங்கே வரையுங்கள், அளவையும் குறைவாக வையுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் ஆலோசனையும் சரிதான்.

வான்நோக்கி:

புரிந்தது. கடைசியாக ஒன்று. சூரியன் மறைவதிலிருந்து இருட்டும்வரை தொடர்ச்சியாக எடுக்க வேண்டும் என்று ஆசை. மேனுவலில் வைத்தால் பாதியிலேயே கறுத்துப் போகுமே?

கிளிக்சத்தம்:

கறுத்துத்தான் போகும். பகல் வானத்துக்கும் நட்சத்திர வானத்துக்கும் இடையில் 15 ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். இரண்டு வழி. ஒன்று, அபெர்ச்சர் ப்ரையாரிட்டியில் துளையைத் திறந்து வைத்து ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் கேமராவிடமே விடுவது. அதில் கண் வைத்துப் பார்க்கிற துளையை மூடிவிடுங்கள், பின்னாலிருந்து வருகிற வெளிச்சம் டிஎஸ்எல்ஆர் மீட்டரைக் குழப்பும். இன்னொன்று, மேனுவலிலேயே இருட்ட இருட்ட மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நீங்களே ஏற்றிக்கொண்டு போவது. படிக்கட்டு மாதிரி வருகிற அந்தத் தாவல்களை ரா ஃபைலில் மென்பொருள் வழவழப்பாக்கிவிடும். நான் இரண்டாவது கட்சி, ஏனென்றால் மீட்டர் மேகத்தையும் சேர்த்து அளந்து ஏமாறும்.

இன்டர்வலை முதலிலேயே ராத்திரிக்குத் தகுந்த மாதிரி வைத்துவிடுங்கள். கடைசியில் 10 நொடி ஷட்டர் வேண்டியிருக்கும் என்றால் இன்டர்வல் 12, 13 நொடியாவது இருக்க வேண்டும், நடுவில் மாற்றினால் மேகத்தின் வேகம் சட்டென்று மாறிவிடும். ஆமாம், அப்படிச் செய்தால் சாயங்காலப் பஞ்சு மேகம் தாவும். அதனால் உயரத்து மேகம் இருக்கிற நாளாகப் பார்த்து எடுங்கள், மறைகிற சூரியனின் வெளிச்சம் கடைசிவரை ஏறி நிற்பதும் அந்த மேகங்களில்தான்.

சூரியன் ஃப்ரேமில் இருக்கும்போது டிஎஸ்எல்ஆரின் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்காதீர்கள், லைவ் வியூவில் பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள்.

நீலப்பட்டை:

அந்தி வானத்தை 8 பிட் வீடியோவாக ஏற்றுமதி செய்தால் நீலமும் ஆரஞ்சும் பட்டை பட்டையாக உடையும், ஒரு நிறத்துக்கு 256 படிகள்தானே இருக்கின்றன. 10 பிட்டில் வெளியே எடுங்கள். முடியாவிட்டால் துளி கிரெயின் (மெல்லிய புள்ளித்துகள்) சேருங்கள், பட்டை மறைந்துவிடும்.

வான்நோக்கி:

10 பிட் என் எடிட்டரில் இல்லை, கிரெயின் இருக்கிறது. என்டி64 வந்ததும் எஃப் 2.8, 1/100, 2 நொடி இன்டர்வலில் எடுத்து இங்கேயே போடுகிறேன், துடித்தால் மறுபடி தொந்தரவு செய்வேன்.