33550336 ஒரு நிறைவெண் என்பதைக் கரும்பலகையில் நிறுவுவது எப்படி?

இரணைமடு (கிளிநொச்சி):
தரம் 10 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். தன்னை ஒழிந்த காரணிகளைக் கூட்டினால் தன்னையே தரும் எண்களாக 6, 28, 496, 8128 ஆகியவற்றைக் காட்டியபோது, அடுத்தது எது என்று ஒரு மாணவி கேட்டார். 33550336 என்றேன், அதை நிறுவிக் காட்டுமாறு இப்போது வகுப்பே கேட்கிறது. எங்களிடம் உள்ளவை கரும்பலகையும் வெண்கட்டியும் மட்டுமே. இவ்வெண் வேறெந்த வகைகளில் அடங்கும் என்பதையும் அறியத் தாருங்கள்.

கனகராயன் (மாங்குளம்):
வணக்கம் ஆசிரியர். எண்ணை 2 ஆல் வகுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். பன்னிரண்டு முறை மீதியின்றி வகுபட்டு 8191 இல் நின்றுவிடும். இனி எல்லாம் 8191 முதன்மை எண்ணா என்பதிலேயே தங்கியுள்ளது. அதன் வர்க்கமூலம் 91 இலும் குறைவு என்பதால் 89 வரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தாலும் வகுக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 8191 என்பது 2 இன் 13 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்க வருவது. அதன் முதன்மைக் காரணி எதுவாயினும் 26 இன் மடங்கொன்றிலும் 1 கூடியதாகவே இருக்கும் என்பது பெர்மாவின் தேற்றத்திலிருந்து பெறப்படும். 91 இற்குள் அத்தகையவை 27, 53, 79 மட்டுமே. 27 முதன்மை எண்ணன்று. 53 ஆல் வகுக்க மீதி 29, 79 ஆல் வகுக்க மீதி 54. ஆகவே 8191 முதன்மை எண்.

காரணிகள் 26. 1, 2, 4 எனத் தொடங்கி 4096 வரையுள்ள பதின்மூன்றின் கூட்டுத்தொகை 8191. எஞ்சியவற்றில் அவ்வெண்ணையே விட்டுவிட்டால், 8191 ஐ 1 முதல் 2048 வரையான 2 இன் வலுக்களால் பெருக்கியவை வரும். அவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095, அதாவது 33542145. இரண்டையும் கூட்டினால் 33550336.

முத்தையன்கட்டு:
மேலுள்ள வழி மிகச் சிறப்பானது. அதற்கு முன் 2 இன் 11 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழித்து வரும் 2047 ஐப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அது 23 × 89 எனப் பிரிந்துவிடுவதால், முதன்மை எண்ணான 8191 போல அது நிறைவெண் எதையும் தராது. 8128 இற்குப் பின் இத்தனை பெரிய இடைவெளி ஏன் என்பது அதனால் ஓரளவு விளங்கும்.

வகைகளைப் பொறுத்தவரை, இது 8191 ஆவது முக்கோணி எண். 1 முதல் 127 வரையுள்ள ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே கிடைக்கும். துவித முறையில் பதின்மூன்று ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து பன்னிரண்டு பூச்சியங்களும் வரும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 28. அதுவும் நிறைவெண்ணாக அமைந்தது தற்செயல் என்றே கருதுகிறேன். ஆனால் அதை மேலும் கூட்டி வரும் இலக்கச் சுட்டி 1 ஆவது தற்செயலன்று. 6 தவிர்ந்த இரட்டை நிறைவெண்கள் அனைத்துக்கும் அது பொருந்தும்.

இரணைமடு (கிளிநொச்சி):
இருவருக்கும் மிக்க நன்றி. 2047 இலிருந்தே தொடங்குகிறேன். ஒற்றை நிறைவெண் உண்டா என்று கேட்டால் என்ன சொல்வது?

கனகராயன் (மாங்குளம்):
இரட்டை நிறைவெண்கள் யாவும் 4096 × 8191 போல, 2 இன் வலுவொன்றை அதன் இருமடங்கிலும் 1 குறைந்த முதன்மை எண்ணால் பெருக்கிய வடிவிலேயே அமையும் என்பதை ஒயிலர் நிறுவினார். ஒற்றை நிறைவெண் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. இருக்க முடியாது என்று எவரும் நிறுவவும் இல்லை. அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.