வேலை போன பின் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்ட அனுபவம் யாருக்கேனும் உண்டா?

பதிவு 1
ஆட்குறைப்பில் வேலை போயிற்று. கையில் ஒரு தொகை கொடுத்தார்கள். வீட்டுக் கடனும் அட்டைக் கடனும் நிலுவையில் இருக்கின்றன. தவணை தவறுவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் முறை என்று எண்ணி, பணிநீக்கக் கடிதத்தையும் வீட்டுச் செலவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குச் சென்றேன். அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "ஒரு தவணைகூடத் தவறவில்லையே, உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்றார். இனிமேல்தான் வரும் என்றேன். "வந்த பிறகு வாருங்கள்" என்று கடிதத்தை என் பக்கமே தள்ளினார். ஒழுங்காகக் கட்டியதே எனக்கு எதிரான சான்றாகிவிட்டது இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி 2
தவறிய பிறகு என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்த அப்பாவை அழைத்தார்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரைக் கேட்பார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஓய்வுபெற்ற அந்த மனிதர், எவரோ சொன்ன தொகையை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தேன். யார் என்று கேட்டதற்கு, "தவறான எண்" என்றார்.

மறுமொழி 3
முதல் பதிவர் வங்கிக்கு அலைவதைவிட, வந்த தொகையை அட்டைக் கடனில் போட்டிருக்கலாம். நானும் வேலை இழந்தவன் என்பதால் சொல்கிறேன். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தவிரும். மீதிக்கு வட்டி ஓடும், பல அட்டைகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். தவணையைத் தள்ளிவைப்பதும் இலவசமன்று: அந்தக் காலத்து வட்டி பெரும்பாலும் அசலில் சேர்ந்து, தவணையோ கடன் காலமோ கூடும். ஆகவே மின்கட்டணம், மருந்து, காப்பீடு ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, வட்டி மிகுந்த கடனிலிருந்து அடைத்து வாருங்கள். தேவையற்ற சந்தாக்களை நிறுத்துங்கள். பிள்ளைகளிடமும் நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 4
மேலே உள்ளவரின் வட்டிக் கணக்கு சரி. கைக்காசை அட்டையில் கொட்டச் சொல்வது சரியன்று. என் தங்கை அவசரத்துக்கு அட்டை உதவும் என்று நம்பித்தான் அதன் கடனை முழுவதும் அடைத்தாள். மருத்துவமனையில் பணம் கட்டுமிடத்தில் அட்டை ஏற்கப்படாதபோதுதான், வங்கி அதன் கடன் வரம்பைக் குறைத்துவிட்டது எங்களுக்குத் தெரிந்தது. மேலும், வீட்டுக் கடன் தொடர்ந்து தவறினால் வீட்டின் மீதே கைவைப்பார்கள். அட்டைக் கடனுக்குப் பெரும்பாலும் அப்படி ஈடு எதுவும் இல்லை. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து வரிசை போட முடியாது. (பிள்ளைகளைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.)

பதிவு 1 எழுதியவர்
பணத்தை எதில் போடுவது என்று நானும் கேட்கவில்லை. மீண்டும் சென்று, கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிவிட்டேன். தவணை தானாகப் பிடிக்கப்படும் கணக்கில்தான் அந்தத் தொகையும் இருக்கிறது. பதில் வரும் முன் அதை வேறு கணக்குக்கு மாற்றினால், பணமின்றித் தவணை திரும்பி அதற்குத் தனி அபராதம் விழும். மாற்றாவிட்டால், "கட்டத்தானே முடிகிறது" என்பார்கள். இந்த இடைக்காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?