பண்ருட்டி பக்கம் ஓடை எல்லை வரைய உதவி வேண்டும்

கெடிலம் ஆற்றில் சேரும் ஒரு சின்ன ஓடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பை, அதாவது மழைநீர் அந்த ஓடைக்கு வடிந்து வரும் நிலத்தின் எல்லையை, வரைந்துகொண்டிருக்கிறோம். மேலே செம்மண் மேட்டில் சிக்கல் இல்லை, மழை அரித்த பள்ளங்களே வழி காட்டிவிடும். கீழே சமதளத்தில்தான் எல்லை பிடிபடவில்லை. 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றுதான். நம் மட்ட நிலத்துக்கு அது போதவே போதாது. செயற்கைக்கோள் உயரத் தரவோ முந்திரித் தோப்பின் தழையையும் தரைக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. தோப்புள்ள இடமெல்லாம் இல்லாத மேடு முளைத்து, ஓடை அதைச் சுற்றிப் போவதாகக் கோடு விழுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை விட்டதும் உங்கள் ஊர் ரோட்டுச் சிறுபாலங்களைப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது? ஒரு முந்திரி இலையைப் போட்டாலே தெரிந்துவிடும். குழாய் தூர்ந்திருந்தால் அதையும் அவசியம் எழுதுங்கள். ரோட்டோரமாகத் திரும்பும் தண்ணீர் வேறு ஏரிக்குப் போய்விட்டால் எல்லைக் கோடே மாறிவிடும்.

கொத்தனார்களின் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து நில உயரத்தை அளக்க இரண்டு பேர் வந்தால் பெரிய உதவி. குழாயில் காற்றுக்குமிழி நின்றால் அளவு தப்பும். இரு முனையையும் சேர்த்துப் பிடித்துச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

உங்கள் புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) ஓடைப் புறம்போக்கு இருந்தால், புல எண் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள்.