ஐந்து நிமிடம் கேட்டது நிக்கா, நோராவா?

செவ்வந்தி: 'நிக் அண்ட் நோராஸ் இன்ஃபினிட் பிளேலிஸ்ட்' நாவலுக்கு இங்கே நேற்று ஒரு மதிப்புரை வந்திருக்கிறது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் அறியாத நிக்கிடம் நோரா வலியப் போய், "ஐந்து நிமிடம் என் காதலனாக இரு" என்று கேட்கிறாளாம். இப்படிப்பட்ட பெண்ணின் ஓரிரவுக் கதையை இளையவர்கள் படிக்கவே வேண்டாமாம். நாவலில் கேட்பவன் நிக்! பாஸ் கிடார் வாசிக்கும் பையன். தன்னைக் கைவிட்ட டிரிஸ் இன்னொருவனோடு வருவதைப் பார்த்துப் பதறி, பக்கத்தில் நின்றவளிடம் கேட்கிறான். முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

நேர்கோடு: எழுதியவன் நான்தான். நோராதான் கேட்கிறாள். தனியாக வந்திருக்கிறாயா என்று டிரிஸ் அவளைச் சீண்டுகிறாள். ரோஷத்தில் போய்க் கேட்கிறாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

செவ்வந்தி: உங்கள் நினைவில் இருப்பது 2008இல் மைக்கேல் செராவும் கேட் டென்னிங்ஸும் நடித்த படம். நாவல் வந்தது 2006இல். படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குத் தீர்ப்பு எழுதும் துணிச்சல் எல்லோருக்கும் வாய்க்காது.

நேர்கோடு: யார் கேட்டால் என்ன? அறிமுகமே இல்லாதவனின் கழுத்தை வளைத்து முத்தமிடுவது நோராதானே? புத்தகத்திலும் அப்படித்தானே இருக்கிறது?

செவ்வந்தி: யார் கேட்டால் என்னவா? உங்கள் மதிப்புரை முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தானே நிற்கிறது! நிக்கின் பகுதிகளை எழுதியவர் டேவிட் லெவிதன், நோராவின் பகுதிகளை எழுதியவர் ரேச்சல் கோன். கதையை முன்கூட்டித் திட்டமிடாமல் மாறி மாறி எழுதினார்கள். நிக் கேட்பதோடு அவன் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. பதில் அடுத்த அத்தியாயத்தில், இன்னொருவர் கையிலிருந்து வருகிறது. வாயால் ஒரு சொல்கூடச் சொல்லாமல் அவன் முகத்தை இழுத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் எனக்குப் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. கேட்டவனை மாற்றினால் அந்தப் பதிலே இல்லாமல் போய்விடும். கேட்டவன் நிக்.

பழைய இசைத்தட்டு: இதையே எத்தனை முறை சொல்வீர்கள்? ஒரே பாடல்கள் பிடித்திருப்பதால் விடிவதற்குள் காதல் வந்துவிடுமா? என் இசை ரசனையோடு அப்படியே ஒத்துப்போகும் ஒரு மனிதருடன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச முடியாது எனக்கு.

செவ்வந்தி: அவர்கள் பாடல் பட்டியலைச் சரிபார்த்துக் காதலிக்கவில்லை. இரவு முழுக்க மன்ஹாட்டனில் அலைகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பிரிகிறார்கள், திரும்ப வருகிறார்கள். இசை அவர்களுக்குப் பேச ஒரு மொழி தருகிறது. நேர்கோடு, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேர்கோடு: போன மாதம் தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' பேச்சு வந்தபோதும் இப்படித்தான் என் மேல் பாய்ந்தீர்கள். அது ஓரிரவுக் கதை என்று நான் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

செவ்வந்தி: குற்றம்தான். 1848இல் வந்த அந்தக் கதை நான்கு இரவுகள், ஒரு காலை என்றே பகுக்கப்பட்டிருக்கிறது. அதையும் படிக்கவில்லை, இதையும் படிக்கவில்லை.

மேகலை: செவ்வந்தி, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், ஆளை அவமானப்படுத்த வேண்டாம். போன மாதமும் இதே தொனிதான். நோராவின் அப்பா இசைத்தட்டு நிறுவனத்தின் பெரிய தலை. அந்த வசதி இல்லாத பெண் இப்படி நள்ளிரவில் சுற்ற முடியுமா? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பழைய இசைத்தட்டு: அப்படிக் கேளுங்கள்! பணக்காரப் பெண்ணின் பொழுதுபோக்கு இது.

செவ்வந்தி: நிக்கிடம் இருப்பது ஓர் ஓட்டை யூகோ கார். அவனும் அதே இரவில்தான் சுற்றுகிறான். அவன் எந்தப் பணக்காரன்? பேச்சை மாற்றாதீர்கள்.

மேகலை: அவன் ஆண். நள்ளிரவில் ஓட்டை காரில் சுற்றினாலும் அவனை யாரும் கேட்கமாட்டார்கள். அதைத்தான் சொல்கிறேன்.

நேர்கோடு: நான் மதிப்புரையைத் திருத்தப்போவதில்லை. கேட்டது யாராக இருந்தாலும் என் கருத்து அதேதான்.

செவ்வந்தி: "யாராக இருந்தாலும்" என்று இப்போது சொல்கிறீர்கள். மதிப்புரையில் "நோரா" என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறீர்கள். கேட்டவன் நிக். முதல் அத்தியாயம், கடைசி வரி.

நேர்கோடு: படத்தில் நோரா.