ஊருக்குள் செல்லும் பெருஞ்சாலையில் நடப்பது எப்படி?

கேள்வி:
பல ஆண்டுகளாக வண்டியிலேயே கடந்த பெருஞ்சாலையில், ஊர் எல்லையிலிருந்து நடுவூர் வரையிலான மூன்று கிலோமீட்டரை இப்போது தினமும் நடந்தே செல்கிறேன். முதல் பாதியில் நடைபாதை கிடையாது. எந்தப் பக்கமாக நடப்பது முறை? நாற்பது நிமிடம் ஆவது என் நடையின் குறையா?

பதில் 1:
நடைபாதை இல்லாத இடத்தில், வண்டிகள் எதிரே வரும் பக்கமாகவே நடங்கள். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும், ஊருக்கு வெளியே சாலையில் நடப்பவர்களுக்கு, அதனால் ஆபத்து நேராதவரை, இதையே விதிக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே நொடியில் 20 மீட்டர் கடந்துவிடும் என்பதால், முதுகுக்குப் பின்னால் வருவதைக் காதை மட்டும் நம்பி ஒதுங்க முடியாது. ஆனால் எதிரே வருவது தெரியாத வளைவின் உட்புறத்தில், முன்கூட்டியே மறுபக்கம் மாறிக்கொள்வது நல்லது.

பதில் 2:
மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தாலே 36 நிமிடம் ஆகும். சாலையைக் கடக்கக் காத்திருப்பதையும் சேர்த்தால் உங்கள் கணக்கில் குறையே இல்லை. (வண்டியோட்டிகளுக்குத்தான் மூன்று கிலோமீட்டர் என்பது 'பக்கம்'.)

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று பக்கம் மாறி நடந்தபோதுதான், தாரின் விளிம்பு உடைந்து மண்ணுக்கு ஒரு சாண் இறங்குவதையும், அந்த இறக்கத்தில் சரளை உருள்வதையும் கவனித்தேன். ஊர் தொடங்குவதைப் பலகைக்கு முன்பே காது சொல்லிவிடுகிறது. டயர்களின் இரைச்சல் தணிந்து ஹாரன் ஒலி கூடுகிறது.