பேலியோ பதிவு: புதுப்பிப்பு

சோறு, இட்லியை விட்டு முட்டை, பனீர், பாதாம் என்று மாவுச்சத்து குறைந்த பேலியோ உணவுமுறைக்கு மாறியதையும், முதல் வாரமே எடை மளமளவென்று இறங்கியதையும், கூடவே தலைவலி வந்ததையும் முன்பு எழுதியிருந்தேன்.

தலைவலி போய்விட்டது. மாவுச்சத்தைக் குறைத்ததும் உடம்பில் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் சர்க்கரை கரைகிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் வெளியேறும், உப்பும் சேர்ந்தே போகும். எனக்கு பிபி இல்லை என்பதால் எலும்பு சூப்பில் உப்பைக் கூட்டினேன், சரியானது. ஆக, அந்த முதல் வார இறக்கத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். இப்போது எடை மெதுவாகத்தான் இறங்குகிறது, ஆனால் இடுப்புச் சுற்றளவு குறைகிறது. நான் நம்புவது அதைத்தான்.

ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் ஏறியிருக்கிறது. டாக்டர் சொன்னபடி வெண்ணெயைக் குறைத்துவிட்டேன். அப்புறம், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து தொடங்காதீர்கள். சர்க்கரை அளவு திடீரென்று ஆபத்தாக இறங்கிவிடலாம்.